நான்கு வாரம் தாண்டும் சளி இருமல்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலும், அதைச் சூழ்ந்து கிடக்கும் கந்தக பூமியிலும், ஒரு குழந்தை வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், அதற்குக் காரணம் சொல்ல யாரும் அதிகமாக யோசிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் தாயின் சேலையில் ஒட்டிவரும் அலுமினியப் பொடி, தீப்பெட்டி ஆபீஸின் கந்தக நெடி, கரிசல் காட்டுப் புழுதி, மார்கழிப் பனி, விறகடுப்பின் புகை என்று, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த காரணங்கள் ஊரெங்கும் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றின் மேல் பழியைப் போட்டு, "இந்த ஊர்க் காற்றுக்கு இருமல் இருக்கத்தானே செய்யும்" என்று சமாதானம் அடைவது மிகவும் எளிது. அந்தச் சமாதானத்தில் ஓரளவு உண்மையும் கலந்திருப்பதனாலேயே அது அபாயகரமானது. முழுப் பொய்யாக இருந்தால் விசாரித்துத் தள்ளிவிடலாம், ஓரளவு உண்மையோ மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்ற எண்ணத்தையே எழவொட்டாமல் செய்துவிடுகிறது.

குழந்தையின் மார்பில் கோழை கட்டி, இரவும் பகலும் ஈரமான ஓசையுடன் எழுகின்ற இருமல் நான்கு வாரங்களைத் தாண்டியும் நிற்குமானால், அதை ஊர்க் காற்றின் இயல்பென்று விட்டுவிடுதல் கூடாது. அந்தக் குழந்தையின் சுவாச நாளங்களில் பாக்டீரியாக்கள் குடிகொண்டு, அவற்றை விரட்ட முயலும் உடலின் சொந்தச் சக்திகளே நாளத்தின் சுவரைப் புண்படுத்தத் தொடங்கியிருக்கின்றன என்பதற்கு அது அறிகுறியாக இருக்கக்கூடும். உரிய காலத்தில் கண்டுகொண்டால் இந்த நிலையைப் பெரும்பாலும் முற்றிலும் குணப்படுத்திவிடலாம் என்பதும், கவனியாது விட்டால் சில குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுவதும் நீடிக்கும் நுரையீரல் நோயாக முதிர்ந்துவிடும் என்பதும், சென்ற இருபது ஆண்டுகளில் மருத்துவ விஞ்ஞானம் படிப்படியாக நிலைநாட்டியிருக்கும் உண்மைகள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் அவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

இருமல் தன்னளவில் ஒரு வியாதியன்று. சுவாச உறுப்புகளைக் காக்கும் பொருட்டு இயற்கை அமைத்த ஏற்பாடுகளுள் அதுவும் ஒன்று. தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் இரண்டிரண்டாகக் கிளைத்து, ஏறத்தாழ 23 படிகளைக் கடந்த பிறகு நுண்ணிய காற்றறைகளில் சென்று முடிகிறது. அந்த நாளங்களின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் ஒன்று பரவியிருக்க, அதன் அடியில், ஒரு மில்லிமீட்டரில் 150இல் ஒரு பங்கு உயரமே உள்ள நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்துத் தடவை, அதற்கும் மேலாகவே, ஒரே சீராக ஒரே திசையில் அசைந்து, அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கி இடைவிடாது நகர்த்திக்கொண்டிருக்கின்றன. மூச்சுடன் உட்சென்ற தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொண்டு மேலேறி வர, நாம் உணராமலே அதை விழுங்கிவிடுகிறோம். இரைப்பையின் அமிலம் எஞ்சிய காரியத்தை முடித்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் சக்திக்கு மீறிச் சளி சேரும்போதுதான், காற்றை வேகத்துடன் வெளித்தள்ளி வழியைச் சுத்தப்படுத்தும் இருமல் துணைக்கு வருகிறது. ஆகையால், ஈரமான இருமலின் பொருள் ஒன்றே: நாளங்களில் தேங்கியிருக்கலாகாத அளவுக்குக் கோழை தேங்கியிருக்கிறது. ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கோழையைக் காறித் துப்பத் தெரியாது. அவர்கள் விழுங்கிவிடுவதனால் பெற்றோர் அதைக் கண்ணால் காண்பதில்லை. எனினும், தாய் தன் செவியால் கேட்டு, "இது சளி இருமல்" என்று சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்பதைச் சுவாச நாளத்தினுள் நுண்குழாய்க் கருவி செலுத்திப் பார்த்த மருத்துவர்கள் உறுதி செய்திருக்கிறார்கள்.

ஜலதோஷத்தைத் தொடர்ந்து வரும் இருமல்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. வைரஸினால் உண்டாகும் சாதாரணச் சளியும் இருமலும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு 25 நாட்களுக்குள் தாமாகவே ஓய்ந்துவிடுகின்றன என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது. நான்கு வாரம் என்ற எல்லைக்குப் பொருள் அதுதான். இயல்பாக ஆறவேண்டியது ஆறுவதற்குப் போதிய அவகாசம் கொடுத்த பிறகும் ஆறாமல் நிற்பதை, வேறு காரணம் உடையதெனக் கருதி ஆராய்வதே முறை.

அந்த வேறு காரணங்களுள் முதன்மையானவை மூன்று பாக்டீரியாக்கள். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவன்சே, நிமோகாக்கஸ், மொராக்செல்லா கேட்டராலிஸ் என்பன அவற்றின் பெயர்கள். முதலாவதை 1892இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைஃபர் இன்ஃபுளுவன்சா நோயாளிகளின் சளியில் கண்டெடுத்தார்; இரண்டாவதை அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1881இல், பிரான்ஸில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டர்ன்பர்க்கும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டறிந்தார்கள். இவை எங்கிருந்தோ வந்து தாக்கும் அந்நியக் கிருமிகள் அல்ல. மூக்கின் பின்புறத்திலும் தொண்டையின் மேற்பகுதியிலும் ஆரோக்கியமான குழந்தைகளிடமே இவை சாதாரணமாக வசிக்கின்றன.

இந்த உண்மைக்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இணைந்து, பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுப்பதனால் சிசு மரணம் குறைகிறதா என்று அறியத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அதன் கிளையாக, நானூறுக்கும் மேற்பட்ட சிசுக்களின் மூக்கின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துப் பரிசோதித்தபோது, இரண்டு மாதம் நிறைந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நிமோகாக்கஸ் இருந்தது. ஆறு மாதத்தில் அந்த விகிதம் பத்துக்கு ஏழாக உயர்ந்தது. செல்வம் மிகுந்த நாடுகளின் குழந்தைகளைக் காட்டிலும் நம் கிராமத்துக் குழந்தைகள் மிக இளமையிலேயே இக்கிருமிகளைப் பெற்றுவிடுகிறார்கள். ஒரே அறையில் பலர் படுத்துறங்குவதும், மூத்த பிள்ளைகளின் சளி இளையவற்றுக்குத் தொற்றுவதும் அதற்கு வழிகோலுகின்றன. கிருமி இருக்கிறது என்பதனாலேயே நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதையும், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடத்தும் நோய்க்கான வித்து வாசல்வரை வந்து நிற்கிறது என்பதையும் இந்தச் சான்று ஒருங்கே உணர்த்துகிறது.

வாசலில் நிற்பது உள்ளே புகுவதற்குச் சந்தர்ப்பம் வேண்டும். ஒரு வைரஸ் ஜலதோஷம் வந்து நுண்மயிர்களைச் சில காலம் செயலிழக்கச் செய்வது அத்தகைய சந்தர்ப்பம். பிறவியிலேயே மூச்சுக்குழலின் குருத்தெலும்பு மென்மையாக இருந்து, மூச்சுவிடும்போது குழல் ஒடுங்கிவிடும் குழந்தைகளுக்கு அந்தச் சந்தர்ப்பம் எளிதில் வாய்க்கிறது. இவ்வாறு கீழ்நாளங்களை அடைந்த ஹீமோஃபிலஸ், நாளச் சுவரில் பற்றிக்கொண்டு, தன்னைச் சுற்றிலும் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டமாக அதனுள் உறைகிறது. உயிர்ப்படலம் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இந்தப் பசைத்திரைக்குள் ஆன்டிபயாட்டிக் மருந்து நன்கு ஊடுருவுவதில்லை. உடலின் காவல் அணுக்களும் அதை எளிதில் கலைக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, சளிப்படலத்தில் காவல் செய்யும் எதிர்ப்புப் புரதத்தை வெட்டிச் சிதைக்கும் நொதி ஒன்றையும் இப்பாக்டீரியா சுரக்கிறது; தன் மேற்புறத்து அடையாளங்களை அவ்வப்போது மாற்றிக்கொண்டு, உடலின் நினைவுக்கு அகப்படாமலும் தப்பிவிடுகிறது.

இதுவரை சொன்னது கிருமியின் செயல். ஆனால், இந்த நோயில் குழந்தையின் நாளத்துக்கு விளையும் சேதத்தில் பெரும்பங்கு கிருமியால் நேரடியாக விளைவதன்று. அதை எதிர்க்கும் அழற்சியினால் விளைவது. கிருமியை உணர்ந்த நாளச் சுவரின் அணுக்கள், இன்டர்லூகின்-8, இன்டர்லூகின்-1 பீட்டா முதலிய ரசாயனச் செய்திகளை விடுக்கின்றன. அவற்றைப் பின்பற்றி, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து வெளியேறி நாளத்தினுள் திரளுகின்றன. ஆரோக்கியமான குழந்தையின் சுவாச நாளத்தை உப்புநீரால் அலம்பியெடுத்துப் பார்த்தால், அதிலுள்ள அணுக்களில் பெரும்பாலானவை மாக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு அணுக்களாகவே இருக்கும். நியூட்ரோஃபில்கள் நூற்றுக்குச் சிலவே. நோயுற்ற குழந்தையிடமோ அவை பல மடங்கு பெருகிக் காணப்படுகின்றன.

நியூட்ரோஃபிலின் ஆற்றலும் அபாயமும் எத்தகையவை என்பதை, பட்டாசுத் தொழிலை அறிந்தவர்கள் மற்றவர்களைவிட எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை செய்யும் அறை தனியாகவும், செலுத்தும் அறை தனியாகவும், ஒன்றுக்கொன்று போதிய இடைவெளிவிட்டுக் கட்டப்பட்டிருக்கும்; ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது, அன்றன்றைக்கு வேண்டிய மருந்துக்கு மேல் வைத்திருத்தலும் கூடாது. நியூட்ரோஃபிலும் தன்னுள் இருக்கும் எலாஸ்டேஸ் முதலிய தீவிர நொதிகளைத் தனித்தனி நுண்பைகளில் பிரித்தே வைத்திருக்கிறது. கிருமியை விழுங்கிய பிறகு உள்ளுக்குள்ளேயே அளவோடு செலவிடுகிறது. அதன் ஆயுள் முடிந்ததும் மாக்ரோஃபேஜ்கள் அதை முழுமையாக விழுங்கி, பைகள் உடையாதபடி அப்புறப்படுத்திவிட வேண்டும். ஆனால், நீடித்த சளி இருமலுடைய குழந்தைகளிடம் மாக்ரோஃபேஜ்களின் இந்தத் திறமை குன்றியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அறைக்குள் இருக்கவேண்டிய மருந்து முற்றத்தில் கொட்டிக் கிடந்தால் என்ன நேருமோ அதுவே அங்கும் நேர்கிறது. மடிந்த நியூட்ரோஃபில்கள் அப்புறப்படுத்துவார் இன்றிச் சிதைந்து, நொதிகள் வெளியே பரவுகின்றன.

அவ்வாறு வெளிப்பட்ட எலாஸ்டேஸுக்குக் கிருமியின் உடல் எது, குழந்தையின் உடல் எது என்ற பேதம் தெரியாது. நாளச் சுவருக்கு நெகிழ்வு தரும் நார்ப்பொருளை அது அரிக்கிறது. நுண்மயிர்களின் அசைவைத் தளர்த்துகிறது. சளி சுரக்கும் அணுக்களைத் தூண்டி மேலும் மேலும் கோழையைப் பெருக்குகிறது. கிருமியைப் பற்றி விழுங்குவதற்கு வெள்ளணுக்கள் உபயோகிக்கும் ஏற்பிகளையே வெட்டிவிடுகிறது. சிதைந்த அணுக்களிலிருந்து கொட்டிய மரபணு இழைகளோ கோழையைக் கெட்டியாக்கி, கிருமிகளின் பசைத்திரைக்கும் ஆதாரமாகின்றன. இவ்வளவும் சேர்ந்து கிருமிக்கு அனுகூலமாகவே முடிய, பெருகிய கிருமி மேலும் அழற்சியை வரவழைக்கிறது. கிருமியினால் அழற்சி, அழற்சியினால் சேதம், சேதத்தினால் மீண்டும் கிருமி என்று சுழலும் இந்த விஷச் சக்கரத்தை லண்டன் நகரத்து மருத்துவர் பீட்டர் கோல் 1986இல் தெளிவாக வகுத்துரைத்தார்.

சக்கரம் நெடுங்காலம் சுழன்றால் நேரும் முடிவு புதிதாக அறியப்பட்டதன்று. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லென்னெக், 1819இல் வெளியிட்ட தம் நூலிலேயே, நாளங்கள் நிரந்தரமாக விரிந்து, சீழ்போன்ற கோழையால் நிறைந்திருக்கும் நிலையை வர்ணித்திருக்கிறார். மூச்சுக்குழல் விரிவு நோய் எனப்படும் இதற்கு ஆளானவர்கள் தினந்தோறும் கோழையை வெளியேற்றியே காலங்கழிக்க வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் இந்த நோயைத் தொடங்கிய இடத்தில் காண யாரும் முயன்றதில்லை. நாளம் விரிந்த பிறகே பெயரிட்டார்கள். அந்த முடிவுக்கு முற்பட்ட, இன்னும் மீளக்கூடிய பருவம் ஒன்று உண்டு என்பது, குழந்தைகளை 1949 முதல் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆங்கில மருத்துவர் எலைன் ஃபீல்ட் போன்றோரின் ஆராய்ச்சிகளில் கோடிட்டுக் காட்டப்பட்டிருந்தாலும், அது தனி நோயாக வரையறுக்கப்படுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த வரையறை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து வந்தது. பூர்வகுடிக் குழந்தைகளிடையே மூச்சுக்குழல் விரிவு நோய் மலிந்திருப்பதைக் கண்டு, அதன் மூலத்தைத் தேடிய ஆன் சாங் என்ற குழந்தை மருத்துவரும், அவருடன் பணியாற்றிய ஜூலி மார்ச்சன்ட்டும், நீடித்த இருமலுக்காக அனுப்பப்பட்ட 108 குழந்தைகளை முறையாகப் பரிசோதித்து, 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரியவர்களின் நீடித்த இருமலுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஆஸ்த்துமா, இரைப்பை அமிலம் மேலேறுதல், மூக்குச்சளி பின்னிறங்குதல் ஆகியவை அந்தக் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களிடமே காணப்பட்டன. ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரின் இருமலுக்குக் காரணம் சுவாச நாளத்தில் நிலைத்த பாக்டீரியாவே என்று தெரிந்தது. பெரியவர்களின் வியாதிக்கணக்கைக் குழந்தைகளின் மேல் அப்படியே சுமத்தக் கூடாது என்ற பாடத்தை அந்த ஆராய்ச்சி அழுத்தமாகப் போதித்தது. இளைப்பு என்று கருதி மாதக்கணக்கில் இன்ஹேலர் மருந்தை இழுக்கச் செய்தும் இருமல் குறையாத குழந்தைகள் பலரின் துன்பத்துக்கு விளக்கம் அதிலே கிடைத்தது.

காரணம் இன்னதென்று சொல்வது வேறு. அதை நீக்கினால் நோய் நீங்குகிறது என்று காட்டுவது வேறு. இரண்டாவதையும் அவர்கள் செய்தார்கள். நீடித்த சளி இருமலுடைய ஐம்பது குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்னும் ஆன்டிபயாட்டிக்கையும், மற்றப் பாதியினருக்கு அதைப் போன்றே தோற்றமும் சுவையும் உடைய வெற்று மருந்தையும், எது எவருக்கென்று மருத்துவரும் பெற்றோரும் அறியாதபடி இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேரின் இருமல் நின்றது. வெற்று மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கே நின்றது. 2012இல் வெளியான இந்த முடிவோடு, நோயின் போக்கைப் பற்றிய மற்றொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்நோயுற்ற 161 குழந்தைகளை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 43 பேருக்கு மேல் மீண்டும் மீண்டும் அதே இருமலுக்கு ஆளானார்கள்; நூற்றுக்கு எட்டுப் பேரிடம் மூச்சுக்குழல் விரிவு நோய் கண்டறியப்பட்டது. கீழ்நாளத்தில் ஹீமோஃபிலஸ் இருந்ததும், நோய் அடிக்கடி திரும்பியதும் அத்தகைய குழந்தைகளை இனங்காட்டும் முன்னறிகுறிகளாக இருந்தன. ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கம் 2017இல், நான்கு வாரத்துக்கு மேற்பட்ட சளி இருமல், வேறு நோயைச் சுட்டும் லக்ஷணம் எதுவும் இல்லாமை, உரிய ஆன்டிபயாட்டிக்கினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இருமல் நிற்பது என்ற மூன்று அம்சங்களைக் கொண்டு, நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழல் அழற்சி என இந்நோயை எங்கும் இனங்காண வழிசெய்தது.

"வேறு நோயைச் சுட்டும் லக்ஷணம் எதுவும் இல்லாமை" என்ற அந்த நடு அம்சம் நம் நாட்டில் விசேஷமான கவனத்துக்கு உரியது. இருமல் என்றதும் நாம் முதலில் நினைவுகூர வேண்டிய க்ஷயரோகம் இங்கே இன்னும் ஒழியவில்லை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷயரோகச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துச் செய்யும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தபடியே மருந்துண்ணும் சிகிச்சை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பதை 1959இல் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. அந்தப் பெருமைக்குரிய நாட்டில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் க்ஷயரோகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி சுவரொட்டிகளின் வாயிலாகக் கிராமங்கள்தோறும் பரவியிருக்கிறது. அந்த விதியை விட்டுவிட்டு இந்த விதியைக் கைக்கொள்ளச் சொல்லவில்லை; முன்னதோடு பின்னதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாருக்காவது க்ஷயரோகம் இருந்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் நீடித்தாலும், எடை குறைந்தாலும், அந்த விசாரணையே முதலில் நடைபெற வேண்டும்.

கடலைப் பருப்போ புளியங்கொட்டையோ வாயிலிருக்க ஓடியாடிய குழந்தை திடீரென்று புரையேறித் திணறி, அதன்பின் இருமல் ஓயாதிருந்தால், அந்தப் பொருள் நாளத்தில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலை விளையும் இந்தச் சீமையில் அதை மறப்பதற்கில்லை. கக்குவான் இருமலின் தொடர் இருமலும் முடிவில் எழும் இழுப்போசையும் தனித்தன்மை உடையவை. ஆஸ்த்துமாவின் இருமல் பெரும்பாலும் வறண்டதாய், இளைப்போடும் வீசிங்கோடும் கூடி வருவது. விரல் நுனி பருத்து நகம் வளைதல், கோழையில் இரத்தம், ஒவ்வொரு முறை உண்ணும்போதும் புரையேறுதல், நிமோனியா திரும்பத் திரும்ப வருதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் ஆழ்ந்த பரிசோதனை தேவை. இவற்றுள் ஒன்றும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், எக்ஸ்ரே படத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியாமல், நன்றாக விளையாடிக்கொண்டே ஈரமாக இருமும் குழந்தைதான் இந்த நோயின் சரியான பிரதிநிதி. நோயாளியாகத் தோன்றாததனாலேயே அந்தக் குழந்தை கவனிப்பாரற்றுப் போகிறது.

இனி, தூசிக்கும் புகைக்கும் இதில் உள்ள பங்கு என்ன என்ற கேள்விக்கு வருவோம். முன்னர்க் குறிப்பிட்ட தமிழ்நாட்டுச் சிசுக்களின் ஆராய்ச்சியிலேயே, விறகும் வறட்டியும் எரிக்கும் வீடுகளில் பிறந்த சிசுக்களுக்குச் சுவாச நோய்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தன என்று 2009இல் வெளியான கணக்கு தெரிவிக்கிறது. உயிரணுக்களின் அளவில் அதற்குள்ள காரணத்தை லண்டனில் ஜொனாதன் கிரிக் என்பவரின் குழுவினர் ஆராய்ந்து, நுண்தூசி படிந்த நாளச் சுவரின் அணுக்கள் மேற்பரப்பில் ஒருவகை ஏற்பியை அதிகமாக வெளிப்படுத்துகின்றன என்றும், நிமோகாக்கஸ் அந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டே ஒட்டுகிறது என்றும் கண்டார்கள். கந்தகம் எரிவதால் எழும் கந்தக டையாக்ஸைடு வாயுவும் நாளத்தை உறுத்திச் சுருங்கச் செய்வதே. ஆகவே, காற்றின் மாசு கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. ஆனால், வழி திறந்தவன் யாராயினும், உள்ளே புகுந்து உறைந்திருப்பது கிருமி. அதை வெளியேற்ற மருந்து இருக்கிறது. மாசைக் காரணமாகச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடுவதும், மருந்து இருக்கிறதே என்று மாசைச் சகித்திருப்பதும் ஒருங்கே தவறானவை.

ஒருகாலத்தில் இந்த வட்டாரத்துக் குழந்தைகள் தீப்பெட்டி ஆபீஸ்களில் தாமே அமர்ந்து வேலை செய்தார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் தேதி வழங்கிய தீர்ப்பும், அவற்றைச் செயலுக்குக் கொண்டுவரப் பலர் செய்த முயற்சியும் சேர்ந்து, அவர்களைப் பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பிவைத்திருக்கின்றன. பெற்றோரின் தொழிலிலிருந்து குழந்தையின் கை விலகியது போலவே, அதன் மூச்சும் விலக வேண்டும். வேலை முடிந்ததும் கைகால் முகம் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவது, ஆலை உடுப்பைத் தனியே துவைப்பது, பொடி படிந்த பொருள்களை வீட்டுக்குள் சேர்க்காதிருப்பது, புகைபிடிப்பவர் வீட்டில் புகைக்காதிருப்பது, அடுப்புப் புகை வெளியேற வழிசெய்வது ஆகிய இவையெல்லாம் பெருஞ்செலவின்றியே இன்றைக்கே கைக்கொள்ளக்கூடியவை.

சிகிச்சையைப் பற்றிச் சில எச்சரிக்கைகளும் சொல்லியாக வேண்டும். இதற்குரிய ஆன்டிபயாட்டிக்கைத் தேர்வதும், அளவு கணிப்பதும், எத்தனை நாள் என்று நிச்சயிப்பதும் குழந்தையை நேரில் பரிசோதித்த மருத்துவரின் பொறுப்பு. மொராக்செல்லா பெரும்பாலும், ஹீமோஃபிலஸ் பல சமயங்களிலும், பெனிசிலின் வகை மருந்தை அழிக்கும் நொதியைச் சுரப்பதனால்தான், அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனேட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி, மூன்று நாள் கொடுத்து, இருமல் சற்றுத் தணிந்தவுடன் நிறுத்திவிடுவது, கிருமியைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்கப்படுத்துவதாகவே முடியும். இரண்டு வாரம் போதுமா, நான்கு வாரம் வேண்டுமா என்று 106 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து 2021இல் வெளியிட்டபோது, குணமானோரின் விகிதத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால், நான்கு வாரம் உண்டவர்களுக்கு அடுத்த முறை இருமல் திரும்ப இடைநிலைக் கணக்கில் 150 நாட்கள் பிடிக்க, இரண்டு வாரம் உண்டவர்களுக்கு 36 நாட்களிலேயே திரும்பிவிட்டது. நான்கு வார மருந்துக்கும் இருமல் அடங்காவிட்டாலும், ஆண்டில் மூன்று முறைக்கு மேல் திரும்பினாலும், நாளங்களின் நிலையை அறியப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். மதுரை இராஜாஜி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த இந்த மாவட்டத்தில், 2022 ஜனவரி முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி செயல்படுவது ஒரு பெரும் அனுகூலம்.

இருமலை அடக்கும் சிரப்புகளால் இந்நோய்க்குச் சிறிதும் பயனில்லை. கோழையை வெளியேற்றும் ஒரே வழியை அடைப்பது எவ்விதத்தில் சிகிச்சையாகும்? 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் மாண்டுபோன கொடுமைக்குப் பிறகு, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அத்தகைய சிரப்புகளைக் கொடுக்கவே கூடாதென்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

நோய் வருமுன் காப்பதற்குத் தடுப்பூசிகள் ஓரளவு உதவுகின்றன. ஹீமோஃபிலஸின் பி வகையைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இவை மூளையுறைக் காய்ச்சலையும் கடுமையான நிமோனியாவையும் தடுத்து எண்ணற்ற உயிர்களைக் காக்கின்றன. ஆனால், நீடித்த சளி இருமலுக்குக் காரணமான ஹீமோஃபிலஸ் மேலுறை இல்லாத வேறு வகையாதலால், தடுப்பூசி போட்ட குழந்தைக்கு இந்த இருமல் வராது என்று நிச்சயமாக இருந்துவிடுவதற்கில்லை. தாய்ப்பாலும், போஷாக்கான உணவும், நெரிசலற்ற காற்றோட்டமான உறைவிடமும் தரும் காப்பு தடுப்பூசிக்கு அடுத்தபடி சொல்லத்தக்கது.

ஊரின் காற்றைத் தூய்மையாக்குவது சட்டமும் தொழிலும் சமூகமும் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டிய காரியம்; அதற்காகப் பாடுபடுவோர் தளர்ந்துவிடக் கூடாது. ஆனால், அந்தக் காரியம் முடியும்வரை ஒரு குழந்தையின் சுவாச நாளம் பொறுத்திருக்காது. நாளச் சுவர் அரிபடுவதற்கு முன்னால் கிடைக்கும் அவகாசம் சிறியது. அதைப் பயன்படுத்திக்கொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இருமல் தொடங்கி எத்தனை வாரம் ஆயிற்று, ஓசை ஈரமாக இருக்கிறதா, இடையில் ஒரு நாளேனும் இருமல் இல்லாது இருந்ததா என்ற மூன்று கேள்விகளைத் தாயும், அங்கன்வாடிப் பணியாளரும், பள்ளி ஆசிரியரும், கிராம சுகாதாரச் செவிலியரும் கேட்கப் பழகிக்கொண்டாலே போதும். நான்கு வாரம், ஈரம், இடைவிடாமை என்று விடை வருமானால், அடுத்துச் செய்யவேண்டியது மருத்துவரிடம் செல்வதுதான். பட்டாசு சுற்றிப் பிழைக்கும் தாயின் குழந்தைக்கும் பழுதற்ற நுரையீரலோடு வளர உரிமை உண்டு. அதன் இருமலை ஊரின் இயல்பென்று ஏற்றுக்கொள்வதை நாம் கைவிடும் நாளில்தான் அந்த உரிமை அதற்குக் கிடைக்கத் தொடங்கும்.